வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும்

நான் நம் மகனோடு கோபித்துக்கொண்டு டெல்லிக்கு ஓடப்போவதாக மரக்காணத்தில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கோபித்துக்கொண்டது அவன். நான் ஓடவும் இல்லை, ரயிலில் போகிறேன். அங்கே பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியலும் சர்வதேச உறவுகளும் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும்.

இன்று காலை, நீங்கள் விட்டுப்போன ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டேன். எங்கோ இரண்டு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டனவாம். கேட்டதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒப்பந்தச் செய்தி என்றாலே நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள். "சின்ன நாடு எதை விட்டுச்சுன்னு மட்டும் ரேடியோக்காரன் சொல்ல மாட்டான் பாரு" என்பீர்கள்.

ஒரு பங்குனியில், நம் உப்பளத்துப் பெண்களோடு கூலிப் பேச்சை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். சோறு போட்டபடி, "அவங்க எதை விட்டாங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா?" என்றீர்கள். மறுநாள் நீங்களாகப் போய்க் கேட்டிருக்கிறீர்கள். கூலி ஏறினால் போதுமென்று, நிழல் கேட்பதை விட்டுவிட்டார்களாம். அந்த வாரமே பாத்தி ஓரத்தில் கொட்டகை எழுந்தது. என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருக்கும் அவ்வளவு கர்வம்.

நேர்முகத் தேர்வில், கான்வென்ட் ஆங்கிலத்தில், இதைத்தான் சொன்னேன். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

நேற்று மகன் சென்னையிலிருந்து வந்தான். "எழுபது வயசுல படிச்சிட்டு ஐ.நா. சபைக்கா போகப்போற?"

"கூப்பிட்டா போவேன்."

"ஹாஸ்டல்ல விழுந்து வெச்சா யாரும்மா பாக்குறது?"

"இங்க விழுந்தா மட்டும் நீ பக்கத்துலயா இருக்க?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. பிறகு குரலைத் தணித்து, "சண்டை வேணாம்மா. இங்கருந்தே தபால்ல ஏதாவது படி. எல்லாருக்கும் நிம்மதி" என்றான்.

எல்லாருக்கும் என்றானே, அதில் நான் இருக்கிறேனா? அவன் பயம் எனக்குத் தெரியாததல்ல. நீங்கள் உப்பளத்தில் விழுந்தபோது அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்காக, விழுவதற்கென்றே நான் இங்கே காத்திருக்க முடியாது.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எதை விட்டார்கள் என்ற அந்தக் கேள்வி. அதை வைத்துக்கொண்டு வீட்டில் வாதாடியது போதும். முறையாகப் படிக்க வேண்டும்.

இந்த மடலின் நகல் அவனுக்கும் போகிறது. மகனே, செவ்வாய்க்கிழமை ரயில். மறுப்பு இருந்தால் காரணத்தோடு அதற்குள் எழுதி அனுப்பு. போனில் வேண்டாம்.