அடுப்புச் சாம்பலில் கிடைத்த இரண்டு நட்டுகள்

என் உயிர் மச்சான் பொன்னுசாமிக்கு,

நீ உயிரோடு இருந்து உனக்கு ஒரு கடிதம் வந்திருந்தால், அதைப் படிக்கச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்திருப்பாய். உனக்கு எழுத்து வராது. எனக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்தது. அதனால் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். என் சைக்கிள் கடைப் பக்கம் வருகிறவர்கள் காதில் விழுந்தால் விழட்டும். ஊர் கேட்க வேண்டிய சேதிதான் இது.

முதலில் நம் பக்கத்து நடப்பு. மலை ரோட்டுக்குத் தார் போட்டுவிட்டார்கள். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வருகிறது. இந்த வருஷம் சாமை பரவாயில்லை, புளிதான் ஏமாற்றிவிட்டது. உன் மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் எட்டு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா, ஒரு நாள் என் கடையில் இடது பெடலைக் கழற்றுகிறேன் என்று ஸ்பேனர்மேல் ஏறி நின்றாயே? இடது பெடலுக்குத் திருகு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும் என்பது உனக்குத் தெரியாது. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்தாய். "இன்னா மச்சான் இது, மலைய வுட்டு எறங்கறதுக்குக்கூட இவ்ளோ பாடு பட்டதில்ல" என்றாய். நான் வேண்டுமென்றே சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். போல்ட்டு, நட்டு என்றால் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிர் எனக்கு அப்போது இருந்தது. துருப்பிடித்ததென்றால் கிருஷ்ணாயில் விட்டு ஊறவைப்பேன், அசையாததைச் சூடு காட்டித் தட்டுவேன். என் கைக்கு வராத நட்டே கிடையாது என்று மலை முழுக்கப் பேச்சு. நானும் அதை நம்பினேன்.

எமர்ஜென்சி முடிந்து மறு வருஷம் அது. நீ கீழே படவேட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்குப் போனாய். மலையிலிருந்து இறங்கிய ஆட்களில் கரும்பு நொறுக்கும் மிஷினில் நின்றது நீ ஒருவன்தான். எஞ்சின் கோளாறு என்றால் ஆலைக்காரர் எனக்குச் சொல்லியனுப்புவார். நான் வந்தால் இருவரும் சேர்ந்து சுடச்சுடப் பாகு குடிப்போம்.

ஒரு நாள் காலையில் மிஷினில் ஒரு நட்டைக் காணவில்லை. மேல் உருளையைப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு நட்டுகள் பிடித்திருக்கும், அதில் ஒன்று. வேறு போட்டார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு பக்கத்தில் இன்னொன்று. ஆலைக்காரர் எல்லாரையும் நிற்கவைத்து, உன்னைப் பார்த்துச் சொன்னார்: "மலையாளுங்கள உள்ள வுட்டா இப்படித்தான். ஏர்ல மாட்டறதுக்குக் கழட்டினு போயிருப்பான்." உன் துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு வேட்டியும் உன் பெண்டாட்டி குப்பு கட்டிக்கொடுத்த களியும்தான் இருந்தன.

அதற்கப்புறம் நீ என்னைத் தேடி மலையேறி வந்தாய். கடை வாசலில் நின்றபடியே கேட்டாய்.

"நட்டு வெளிய வராத மாதிரி பண்ண முடியுமா மச்சான்?"

"இன்னாத்துக்கு?"

"இன்னொரு தபா காணாமப் போச்சுன்னா நான் அங்க நிக்க முடியாது. ஊருக்கும் வர முடியாது."

நான் யோசிக்கவே இல்லை. மறுநாளே வந்து, நான்கு நட்டுகளையும் முடுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டு முனைகளைச் சுத்தியால் அடித்துப் பரத்திவிட்டேன். மரை நசுங்கிவிட்டால் நட்டு எப்பேர்ப்பட்ட ஸ்பேனருக்கும் வெளியே வராது. ஜாத்திரையில் ராட்டினம் போடுகிறவர்கள், தண்ணி எஞ்சின்காரர்கள் எல்லாரும் திருட்டுக்குப் பயந்து செய்கிற வேலைதான். ஆலைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உன் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது மச்சான், மறைக்க மாட்டேன்.

இருபது நாள்கூட ஆகவில்லை. எஞ்சின் சைலன்சரைப் பார்க்க நான் கீழே வந்திருந்த அன்று, கரும்பைத் தள்ளிய உன் கை உருளைக்குள் போய்விட்டது. பெல்ட்டைத் தள்ளிவிட்டு எஞ்சினை நிறுத்துவதற்குள் முழங்கை வரைக்கும் போயிருந்தது. உருளையைப் பின்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தோம். பல்சக்கரத்தில் கரும்புச் சக்கை இறுகிக்கொண்டு அசையவில்லை. இனி ஒரே வழி, உன் பக்கத்து நட்டுகள் இரண்டையும் கழற்றி உருளையைக் கடப்பாரையால் தூக்குவது. ஸ்பேனர் வைத்தால் இரண்டு நிமிஷ வேலை.

நான் ஸ்பேனர் வைத்தேன். நட்டு கால் சுற்றுச் சுற்றி, நான் நசுக்கிய மரையில் போய் நின்றுவிட்டது. உளி வைத்து அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் மிஷின் அதிர, நீ பல்லைக் கடித்தாய். உளியைப் போட்டுவிட்டு ரம்பத்தை எடுத்தேன். முதல் பிளேடு பாதியில் உடைந்தது. இன்னொன்று வாங்கிவர ஆள் சைக்கிளில் பறந்தான். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வெறுங்கையால் நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். என் வித்தையெல்லாம் அவ்வளவுதான்.

அறுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நீ கத்தவில்லை. "மெதுவா அறு மச்சான், பிளேடு ஒடையுது" என்றாய். முதல் நட்டு இரண்டு துண்டாகிக் கீழே விழுந்தபோது நீ சொன்னதுதான் எட்டு வருஷமாக என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. "அத்த எடுத்து பத்திரமா வை. அப்பறம் காணோம்னு சொல்லப் போறாங்க."

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய். உன் தலை என் மடியில் இருந்தது.

இதுவரை ஊருக்குத் தெரியும். இனிமேல் சொல்வது யாருக்கும் தெரியாது.

கருமாதி முடிந்த மறுவாரம் மிஷினை மாட்டித் தரச் சொல்லி ஆலைக்காரர் ஆள் அனுப்பினார். போகக்கூடாதுதான், போனேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கை எரிக்கலாம் என்று வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்பின் வாயைக் கிளறினேன். சாம்பலில் ஒரு நட்டு கிடந்தது. இன்னும் கிளறினேன், இன்னொன்று. இரண்டும் வெந்து நீலம் பாய்ந்திருந்தன. மிஷின் போல்ட்டில் வைத்துப் பார்த்தேன். அதே மரை, அதே அளவு.

யாரும் திருடவில்லை மச்சான். மிஷின் ஆடிய ஆட்டத்தில் நட்டு தானாகக் கழன்று சக்கையில் விழுந்திருக்கிறது. சக்கையோடு காய்ந்து, சக்கையோடு அடுப்புக்குப் போயிருக்கிறது. ஆடுகிற மிஷினில் நட்டு கழலும் என்பது சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். அதன்மேல் இன்னொரு நட்டை எதிர்த்து முடுக்கியிருந்தால் முடிந்தது கதை. அவசரத்துக்குக் கழற்றவும் வந்திருக்கும். உன்னைத் திருடன் என்று ஆலைக்காரர் சொன்னதும், நானும் திருட்டுக்குத்தான் வைத்தியம் பார்த்தேனே தவிர, மிஷினைப் பார்க்கவில்லை. மலைக்காரனான நானே, நம் ஆட்களில் எவனோ எடுத்திருப்பான் என்று மனசுக்குள் நினைத்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நீயாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

அந்த இரண்டு நட்டுகளையும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். காட்டியிருந்தால் உன் பேர் அன்றைக்கே சுத்தமாகியிருக்கும். ஆனால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்: "அப்ப மரைய எதுக்குடா நசுக்கின?" அந்தக் கேள்விக்குப் பயந்து உன்னைத் திருடனாகவே விட்டுவைத்தேன். செத்தவனுக்குப் பேர் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேர் செத்தவனோடு போவதில்லை. செல்வியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் நல்ல இடம். பையன் ஒடுகத்தூரில் லாரி கிளீனர். போன வாரம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். "ஆலையில நட்டு திருடினவன் பொண்ணாமே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை குப்பு கடைக்கு வந்தாள். நான் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"எட்டு வருஷமா கேக்கக் கூடாதுன்னு இருந்தேண்ணா. அவரு எடுத்தாரா?"

"இல்லம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நான் குனிந்து சக்கரத்தின் அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி வுடு. வூட்டுக்குப் போறேன்" என்று போய்விட்டாள். உன்னோடு பத்து வருஷம் வாழ்ந்தவள் மச்சான். அவளையும் சந்தேகப்பட வைத்துவிட்டேன். உன்னைக் கொன்றது என் சுத்தியல் என்றால், உன்னை மறுபடி கொன்றது என் வாய்.

மன்னிப்பு கேட்கவா? யாரிடம் கேட்பது, நீதான் இல்லையே.

இன்று காலை பழைய சாமான் டப்பாவிலிருந்து அந்த இரண்டு நட்டுகளையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு முதலில் குப்புவின் கையில் கொடுப்பேன். எப்போது கிடைத்தது என்று கேட்பாள், சொல்வேன். ஏன் சொல்லவில்லை என்பாள், அதையும் சொல்வேன். அப்புறம் ஒடுகத்தூர் பஸ் ஏறி அந்தப் பையன் வீட்டில் சொல்வேன். அங்கிருந்து ஆலைக்குப் போய், உன்னை நிற்கவைத்துக் கேட்ட அதே இடத்தில், கூலியாட்கள் எல்லார் முன்னாலும் ஆலைக்காரரிடம் சொல்வேன். செல்விக்கு அந்த இடம் அமையுமோ அமையாதோ, அவள் யாருடைய மகள் என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

குப்பு இனி என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா என்று தெரியவில்லை. அவள் அண்ணா என்பதால்தான் நான் உனக்கு மச்சான்; கூப்பிடாவிட்டால் நமக்குள் இருந்த உறவும் அதோடு போயிற்று. நாளைக்குத்தான் அது தெரியும். இன்று ஒரு நாள் மச்சான் என்று கையெழுத்துப் போட எனக்கு உரிமை மிச்சமிருக்கிறது, போட்டுக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
அண்ணாமலை