நான் செய்யாத முதல் போணி

கம்பம்,
14-9-2003

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் நாக்பூரில் நலமாக இருக்கவேண்டும் என்பதே எந்நேரமும் எங்கள் நினைப்பு. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இட்லி மாவுக் கடையை மூடிவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய், எட்டு மாதமாகியும் அந்தத் தெருக் கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கக்கூட விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆகிவிட்டது, ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் இன்னும் உன் மாமா விஜயபாண்டியின் உரக்கடையில்தான் இருக்கிறேன். எம்.ஏ. படித்தவன் மூட்டை எண்ணுகிறேன், அவர் வருகிறவர்களிடமெல்லாம் 'மச்சானுக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்திருக்கேன்' என்கிறார். போகட்டும். நம் நோட்டுப் புத்தகக் கடை இருந்த தெருவில் பன்வாரி என்று ஒரு ராஜஸ்தான்காரர், மதுரையில் ஒரு மிட்டாய்க் கடை அடுப்படியில் பத்து வருடம் நின்றவர், பெண்டாட்டி பிள்ளையோடு வந்து பால் இனிப்புக் கடை போட ஏற்பாடு செய்தார். அதே தெருவில் பலகாரக் கடை வைத்திருக்கும் கர்ணன்தான் வியாபாரிகள் சங்கச் செயலாளர், நம் கடையை மூடியபோது எட்டிக்கூடப் பார்க்காத அதே கர்ணன். வடக்கத்தியானுக்குப் பால் ஊற்றினால் எங்கள் கடைகளுக்கு ஊற்றவேண்டாம் என்று பால்காரர்களிடம் சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பன்வாரி மேல் இரக்கத்தைவிடக் கர்ணன் மேல் இருந்த ஆத்திரம்தான் முதலில் என்னைக் கிளப்பியது. பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க நம் கடைக்கு வந்துகொண்டிருந்த பண்ணைப்புரத்துப் பால்காரர் சுருளிவேலிடம் போய்க் கேட்டேன். 'ஏன் சார், பாலு என்ன ஊர் பேரு கேட்டுக்கிட்டா காயுது? மொத பஸ்ல கேன ஏத்தி விடுறேன்' என்றார்.

கர்ணன் அதோடு விடவில்லை. திறப்புக்கு முதல் நாள் பன்வாரியிடம், 'மொதப் போணிக்கு நம்ம சாரக் கூப்புடு, அவுக கைராசி இந்தத் தெருவுக்கே தெரியும்' என்று சிரிக்காமல் சொல்லியிருக்கிறார். உனக்கு இது தெரியாது, நான் சொன்னதில்லை. நம் கடை மூடிய பிறகு காலையில் முதல் ஆளாக ஒரு பேனா வாங்கப் போனாலும், 'கொஞ்சம் பொறுங்க சார், ஒரு போணி ஆகட்டும்' என்று என்னை நிறுத்தி வைப்பார்கள். பன்வாரி அதை அறியாமல் தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தார். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர், 'அண்ணே, ஊர்ல நான் போட்ட கடை ரெண்டு தடவ மூடிருச்சு, அதுக்காக கைய வெட்டியா போட்டேன்? நாளைக்கு இதே கையிலதான் பாலக் கிண்டணும், வாங்கண்ணே' என்றார். அம்மா உள்ளேயிருந்து, 'ராசி பாக்குற ஆளு எம்.ஏ. படிச்சிருக்கேன்னு வெளிய சொல்லிராதீக' என்றாள்.

ஆவணி பத்தாம் தேதி காலை போனேன். தெருவே அவரவர் கடை வாசலில் நின்று பார்த்தது. கால் கிலோ பேடாவுக்குப் பணத்தை நீட்டினேன், அவர் அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். மூன்றாம் நாளே பஸ் வழியில் நின்று பால் முழுவதும் திரிந்துவிட்டது, அன்று கடை பூட்டு. 'சாரு கை பேசிருச்சுடோய்' என்று கர்ணன் கடையில் ஒரே சிரிப்பாம். நான் அந்தத் தெருவை விட்டுச் சுற்றி வீட்டுக்குப் போனேன். மறுநாள் பன்வாரி உரக்கடைக்கே வந்து, 'எங்கண்ணே ஆளக் காணோம், இது அந்தத் திரிஞ்ச பால்ல செஞ்சது, தின்னு பாருங்க' என்று ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். நன்றாகவே இருந்தது. இன்றோடு பத்தொன்பது நாள். வியாபாரம் ஓஹோ என்று இல்லை, சங்கத்திலும் சேர்க்கவில்லை, ஆனால் கடை திறந்திருக்கிறது. இன்னொரு பால்காரர் கர்ணனுக்குத் தெரியாமல் ஊற்ற ஆரம்பித்திருக்கிறார்.

இனி நம் விஷயம். தை மாதம் உன் கடைத் திறப்புக்கு, அப்பாதான் முதல் போணி செய்யவேண்டும் என்று போனில் எத்தனை முறை கேட்டாய். லீவு இல்லை என்று சொல்லி அம்மாவை மட்டும் ரயிலேற்றினேன். அது பொய். மாப்பிள்ளை வீட்டார் மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் என்று நீ நினைத்தாய், நானும் அப்படியே நினைக்கவிட்டேன். என் கை பட்டு உன் கடை விளங்காமல் போய்விடக்கூடாதே என்று பயந்தேன், அவ்வளவுதான் ஆத்தா.

கடையை மூடுவதும் மூடாததும் நீயும் மாப்பிள்ளையும் எடுக்கவேண்டிய முடிவு. வந்தால் வா, யாரும் ஒரு சொல் சொல்ல நான் விடமாட்டேன். ஆனால் அந்தத் தெருவிலும் ஒரு கர்ணன் இருந்தால், அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத என்னைப் போன்ற ஒரு வீம்புக்காரனும் இருப்பான், முதலில் அவனைத் தேடிப் பார். கிரைண்டர் ஓடும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள். வீரபாண்டி கௌமாரியம்மன் உங்கள் இருவருக்கும் துணை நிற்பாள், எங்கள் ஆசியும் என்றும் உண்டு.

இதனுள் மடித்து வைத்திருக்கும் பத்து ரூபாய், கடிதம் கிடைத்த மறுநாள் காலை உன் கடையின் முதல் போணி. மறக்காமல் கல்லாவில் போட்டுவிட்டு, அதற்குண்டான மாவை இட்லியாகவே அவித்து அந்தக் கடிகாரக் கடைக்காரருக்குக் கொடு. வெறும் மாவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வாங்கினாரா இல்லையா என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ராக்கப்பன்