நீ போட்ட பென்சில் கோடு

இன்று காலை ஆபீஸ் சுவரிலிருந்து அந்தப் பழைய சார்ட்டைக் கழற்றினேன். யாருக்குக் கீழே யார் என்று பெட்டி பெட்டியாக நான் வரைந்து கொடுத்த அதே சார்ட். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நீ போட்டு நான் அழித்த பென்சில் கோட்டின் தடம் இன்னும் தெரிகிறது. பாழாய்ப்போன கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

நாட்றம்பள்ளியில் ஒரே கம்பெனி வேனில் ஏறி ஆம்பூரில் இறங்கியவர்கள் நாம். நீ தோல் தரம் பிரிக்கும் மேஜையில் சூப்பர்வைசர். நான் ஆள் நிர்வாகம் பார்க்கும் பர்சனல் ஆபீஸில். ஷூவின் மேல்பாகம் மட்டும் தைத்தது போதும், இனி முழு ஷூவே ஏற்றுமதி செய்வோம் என்று முதலாளி முடிவெடுத்த வருஷம் அது. அதுவரை தோல் மோசமாக வந்தால், திட்டம் போடுகிறவர்களின் அறைக்கு நீ நேராகப் போய்ச் சொல்லிவிடுவாய். புது சார்ட்டில் அந்த அறை சென்னைக்குப் போனது. உனக்கு மேலே ஒரு மேனேஜர், அவருக்கு மேலே இன்னொருவர்.

"இன்னா தோஸ்த் இது? பிளான் போடறவனுக்குத் தோல் எப்டி வருதுன்னு யாருடா சொல்றது? என் மேஜைல இருந்து அவன் மேஜைக்கு ஒரே ஒரு கோடு போடு" என்றாய்.

"உன் மேனேஜர்கிட்ட சொல்லு, அவர் மேல சொல்லுவார். அதுக்குத்தானே இத்தன பெட்டி?" என்று பெரிய மேதாவி போலச் சிரித்தேன். நீ என் பென்சிலைப் பிடுங்கி நீயே கோட்டைப் போட்டாய். நீ போனதும் அழித்துவிட்டேன். சார்ட் அசிங்கமாகத் தெரிகிறதாம்!

அந்த சீசனில் வந்த தோலில் ஓட்டையும் கீறலும் ஜாஸ்தி. நீ மேனேஜரிடம் சொன்னாய். சென்னைக்கு அது போய்ச் சேரவே இல்லை. நல்ல தோல் என்று நம்பி அவர்கள் ஷூ வாங்குகிறவர்களுக்குத் தேதி கொடுத்தார்கள். சரக்கு தாமதமாகி ஆர்டர் ரத்தானது. 'உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை' என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை டைப் செய்தவன் நான்.

அதை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது கேட்டாய்: "தெரிவிக்க வழி எங்கடா வச்ச?"

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அந்த வருஷம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டாய். உன் சாவுக்கு வந்து தெருமுனையோடு திரும்பிவிட்டேன். உன் மனைவி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது இன்னொரு திட்டம், இன்னொரு சார்ட். அதையும் நான்தான் வரைய வேண்டும். இந்த முறையாவது உன் கோட்டைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். இனி தரம் பிரித்த தோலையே வெளியிலிருந்து வாங்கப்போகிறார்களாம். கோட்டைத் தொடங்க உன் மேஜைக்குப் பெட்டியே இல்லை, தோஸ்த்.

பழைய சார்ட்டைச் சுருட்டி வேனில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். உன் மேஜை இருப்பது இனி அதில் மட்டும்தான்.