அப்பா சேர்த்துப் புரட்டிய பக்கங்கள்

11 பிப்ரவரி 1983, வெள்ளி. கோர்படி, பூனா.

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. பயாலஜி மேடம் இன்று செல் பாடத்தில் ஆரம்பித்து ரிவிஷன் நடத்தினாள். பூவும் தவளையும் எப்படி இனப்பெருக்கம் செய்கின்றன என்று விலாவாரியாகச் சொன்னாள். மனிதர்கள் பாடம் வந்ததும், "கேர்ள்ஸ், இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று நழுவிவிட்டாள். தவளை என்றால் கூச்சமில்லை போலிருக்கிறது.

வீட்டில் அப்பா வழக்கம்போல் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அதே பாடம் வந்ததும் தொண்டையைக் கனைத்தார். பத்துப் பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார்.

"இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க. எகோசிஸ்டம்னா என்ன, சொல்லு."

சொன்னேன். "கெட்டிக்காரி" என்றார். எனக்குத்தான் அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அம்மா ஒரு வாரமாகக் காலையில் வாந்தி எடுக்கிறாள். வாயுத் தொல்லையாம். வாயுத் தொல்லைக்கா அப்பா கேம்ப் மார்க்கெட் வரைக்கும் சைக்கிள் மிதித்து நெல்லிக்காய் வாங்கி வருகிறார்? என்னை அவ்வளவு மக்கு என்று நினைக்கிறார்கள். அந்தப் பாடத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். படத்தைப் பார்க்காமலே வரைவேன்.

அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. இந்த வயதில் பிள்ளை பெற்றால் ஒன்றும் ஆகாதா என்பது மட்டும் அதில் போடவில்லை. இந்த வீட்டில் அதை யாரிடம் கேட்பது?