செல்லக்கனியக்காவின் முறுக்கு

அன்புள்ள வாப்பாவுக்கு, சீத்தா கேம்ப்பிலிருந்து ருகையாவின் ஸலாம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

வாப்பா, நான் ஜெயித்துவிட்டேன்! இது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் கடிதம்.

தாராவியில் கைமுறுக்கு சுற்றி விற்கும் செல்லக்கனியக்கா, தலையில் அடிபட்டு மூன்று வாரமாக எங்கள் ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடக்கிறார். உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பதிவது என் வேலை. உணர்வுள்ளவர் நாம் சொல்வதை மனதில் செய்து பார்த்தால் அலை மாறும். "டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள்" என்று தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அலை அசையவில்லை. "உணர்வில்லை" என்று எழுத டாக்டர் பேனாவைத் திறந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா என்றைக்கு டென்னிஸ் ஆடினார்? காதருகே குனிந்து, "யக்கா, மனசுக்குள்ள முறுக்கு சுத்துங்க" என்றேன்.

அலை மாறியது! "போதும்க்கா" என்றதும் பழையபடி ஆனது. பத்து முறை சொல்லிப் பார்த்தேன்; பத்து முறையும் அப்படியே.

டாக்டர் பேனாவை மூடினார். "மூளைச் சதையிலிருந்து 'நான்' எப்படிப் பிறக்கிறதென்று எனக்கும் தெரியாது. ஆனால் இவர் உள்ளே இருக்கிறார்" என்றார்.

தம்பி போனில், நம்மூர்ப் பேச்சில் "ஏளா ருகையா" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பதிந்து அனுப்புங்கள். இங்கே எல்லோருக்கும் நான் 'மெஷின்வாலி', மெஷின்காரிதான்; பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நானும் உள்ளேதான் இருக்கிறேன், வாப்பா.

ருகையா