விழுங்காத மாத்திரை

ஜூன் 2, திங்கள்

ஆப்பியாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். குடலில் இருக்கும் கட்டியை 12ஆம் தேதி வெட்டி எடுக்கிறார்களாம். டாக்டர் ஹானாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். இன்று அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"டீச்சர், இதய மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆபரேஷன் அன்னிக்குக் காலைலயும் ஒரு வாய்த் தண்ணியில போட்டுக்கணும்."

"கோளாறு வயித்துல. நெஞ்சை எதுக்கு இழுக்கறே?"

"கத்தி எங்க பட்டாலும் பாரத்தைச் சுமக்கறது இதயம்தான். ஆறு வருஷமா இந்த மாத்திரைதான் அதை அடக்கி வச்சிருக்கு. திடீர்னு விட்டா தறிகெட்டு ஓடும்."

மூன்று தடவை சொன்னாள். என்னை மக்கு என்று நினைத்துவிட்டாள் போல.

ஜூன் 5

பக்கத்து வீட்டு லுசிலாவின் பன்றி மறுபடியும் என் சேப்பங்கிழங்குப் பாத்தியில். வேலி என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியாது, பன்றிக்கும் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

தேவாலயத்தில் லுசிலா எழுந்து நின்றாள். மாதர் சங்கத் தலைவி அல்லவா, எழுந்து நிற்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஃபுவாதினோவுக்காக, அதாவது எனக்காக, செவ்வாயிலிருந்து மூன்று நாள் உபவாசமாம். என்னைக் கேட்டாளா? என் குடலைப் பற்றி ஊருக்கே சொல்லியாயிற்று.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நானும் உபவாசம் இருக்கிறேன், மாத்திரை மட்டும் போட்டுக்கொள்வேன் என்றேன். லுசிலா சிரித்தாள்.

"நாங்க இருபது பேர் உனக்காகப் பட்டினி கிடக்கறோம். உன்னால ஒரு மாத்திரைய விட முடியலையா? நீ நம்பறது கர்த்தரையா, டப்பாவையா?"

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவள் நான்.

"விட்டுட்டேன், போடி" என்றேன்.

ஜூன் 10

மாத்திரை போடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் சும்மா பயமுறுத்துகிறார்கள்.

ஜூன் 11

லுசிலா வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மனசு சரியில்ல. மாத்திரைய போட்டுக்கோடி, ஃபுவா."

"உன் அனுமதி எனக்கு வேணாம்."

"அனுமதி இல்லடி, கெஞ்சறேன்."

"உன் பன்றிய முதல்ல கட்டு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

ஜூன் 12, வியாழன் — காலை, ஆஸ்பத்திரி

நர்சு கேட்டாள்: "இதய மாத்திரை போட்டீங்களா?" ஆச்சு என்றேன். நேற்றும் போட்டீங்களா? ஆச்சு, ஆச்சு. தள்ளுவண்டி வருகிறது.

ஜூன் 19

பேனா பிடிக்க இன்றுதான் முடிகிறது. கட்டியை எடுத்துவிட்டார்கள். மறுநாளே இதயம் தறிகெட்டு ஓட ஆரம்பித்ததாம். மாரடைப்பு. மூன்று நாள் குழாய்களோடு கிடந்திருக்கிறேன். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, திரும்பாது என்றாள் ஹானா. அழுதாள். அவள் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாத்திரை ஏதாவது விட்டுப்போயிற்றா என்று என் மகன் செமிசியைக் கேட்டிருக்கிறாள். உபவாசம், லுசிலா, எல்லாம் சொல்லிவிட்டான். லுசிலாவும் அங்கேதான் இருந்திருக்கிறாள். "ஆமா டாக்டர், நான்தான் விடச் சொன்னேன்" என்றாளாம்.

வாசலில் வந்து கெஞ்சியதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 28

வீடு. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. லுசிலாவைச் சங்கத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்களாம். அவள் கடையில் யாரும் சாமான் வாங்குவதில்லையாம். செமிசி இதையெல்லாம் எனக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல ஆசையாகச் சொல்கிறான். நல்லா வேணும் அவளுக்கு — என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. சனியன்.

ஜூலை 5, சனி

விடிந்ததும் செமிசி எழுப்பினான். "அம்மா, வந்து பாரு. வந்துட்டாங்க."

முற்றத்துப் புல்லில் லுசிலாவும் அவள் அண்ணனும் குடும்பத்தோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எடுக்கும் மெல்லிய பாயால் தலையோடு மூடியிருந்தார்கள். கொலை செய்தவன் குடும்பம் இப்படி வந்து உட்காருவதைச் சின்ன வயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்கும்வரை அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

"வெயில் ஏறட்டும். நல்லா வேகட்டும்" என்றான் செமிசி.

சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். நான் பாயைத் தூக்கத்தான் போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஓரத்தை விலக்கி உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். உள்ளே புழுக்கம்.

"பைத்தியமாடி உனக்கு? தையல் பிரிஞ்சுடும், போ" என்றாள் லுசிலா.

"தள்ளி உக்காரு."

"ஃபுவா, வேணாம். ஊர் பாக்குது."

"பாக்கட்டும். எல்லாத்தையும் நீயே எடுத்துக்கலாம்னு பாக்கறியா? இது என்னுது."

வெளியே செமிசியின் கால்கள் தெரிந்தன. "அம்மா, நீ எதுக்கு உள்ள?"

பாய்க்குள்ளிருந்தே சொன்னேன். மாத்திரையைப் போட்டுக்கொள் என்று இவள் வந்து கெஞ்சியதை, நான் கதவைச் சாத்தியதை, நர்சிடம் ஆச்சு ஆச்சு என்று புளுகியதை. சத்தமாகத்தான் சொன்னேன். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் என்னுடையது.

அந்தக் கால்கள் அசையவில்லை. அவன் பாயைத் தூக்க வெகுநேரம் ஆயிற்று.