ஜின்னுக்கு டீ வாங்கித் தந்தவனுக்கு

பாய்,

இன்று காலை எங்கள் வீட்டு மிக்ஸியை நான் கொன்றுவிட்டேன். வீட்டுக்காரிக்குக் காய்ச்சல். சட்னி நானே அரைக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டு போய், ஃப்ரிட்ஜில் கல்லாகக் கிடந்த தேங்காயை அப்படியே ஜாரில் போட்டு ஒரே திருகாகத் திருகினேன். அது முனகியது, நின்றது, அடியிலிருந்து புகை விட்டது. கட்டிலில் படுத்தபடியே அவள், "இன்னா, சட்னி வெந்துச்சா?" என்று கேட்டாள். தி. நகர் பாத்திரக் கடையில் நின்று "இதுல எதப் போட்டாலும் அரையும் மேடம்" என்று பாதி ஆயுளாக மிக்ஸி விற்கிறவன் நான். போய் ஜன்னலைத் திறந்தேன்.

மோட்டாரின் காயில் கம்பி கருகிய அந்த வாடை போகவில்லை. உன் ரிப்பேர் கடை வாடை அது. மாட வீதிக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் அகலத்தில் நீ உட்கார்ந்திருப்பாய். செத்த மிக்ஸி எதைக் கொண்டுவந்து வைத்தாலும் மூக்கருகே தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆம்பள கை பட்டுகீது" என்பாய். இன்றைக்கு நீ இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு என்னை விட்டிருக்க மாட்டாய்.

நம் தெருச் சங்கம் புத்தகம் போடப் போகிறது, எல்லாரும் மாயக்கதையோ மாயக்கவிதையோ எழுதலாம் என்று அறிவித்தபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நான் படித்தது பத்தாவது வரை, நீ எட்டாவது வரை. உன்னைவிட எனக்கு இரண்டு வகுப்புத் திமிர் அதிகம் என்பதால் நான்தான் முதலில் எழுதினேன், பறக்கும் ஆட்டோவைப் பற்றி ஒரு கவிதை. அதை உன் கடையில் நின்று ராகம் போட்டுப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு நீ கேட்டது ஒன்றுதான். "மேல போனாலும் மீட்டர் போட மாட்டேங்கறானே நைனா, அப்பறம் அதுல இன்னா மாயம்?" இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு கவிதையிலிருந்து ஒரு சரணத்தை எடுத்துவிட்டேன்.

உனக்கு எழுத வராது, சொல்ல வரும். நீ மோட்டாரைப் பிரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல, என் மகள் போனில் பதிந்து, தட்டச்சு செய்து கொடுத்தாள். விளக்கிலிருந்து புகை வரவில்லை என்று ஒரு ஜின் உன்னுடையதைப் போன்ற கடைக்கு வருகிறது. மெக்கானிக் விளக்கைச் சரி செய்கிறான். கூலிக்குப் பதிலாக ஒரு வரம் கேள் என்கிறது ஜின். "உக்காரு, டீ சாப்புடு, கை வேல முடிச்சிட்டுச் சொல்றேன்" என்கிறான். ஒருவர் மாற்றி ஒருவராக ரிப்பேருக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சாயங்காலம் அவன் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். உள்ளே ஸ்டூலில் ஜின் காத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை. புத்தகம் அச்சுக்குப் போன அதே வாரம் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அதன்பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நம் ஜனங்கள் புத்தகம் படிக்கிற அழகை நீ பார்க்காமல் போனது ஒரு விதத்தில் கொடுப்பினை.

சங்கத்து வாட்ஸ்அப்பில் முழுப் புத்தகத்தையும் போட்டார்கள். போட்ட கையை எடுப்பதற்குள் "அருமை", "அருமையிலும் அருமை", அப்புறம் வரிசையாகக் கும்பிடும் கைகள். இத்தனை வேகமாகப் படிக்கிறவர்கள் மின்சார பில்லை மட்டும் ஏன் கடைசித் தேதி வரை படிப்பதில்லை என்று தெரியவில்லை. புத்தகத்தைக் கையில் வாங்கிய ஒருவர், தாள் நல்ல கனம் என்றார். ஒரு அம்மாள் தன் படம் ஏன் இடப்பக்கம் வந்தது என்று சண்டைக்கு வந்தார். பறக்கும் குதிரைக் கதையைப் பற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், குதிரை பறப்பது சரி, எவ்வளவு எடை தூக்கும் என்று குறிப்பிடவில்லையே என்று வருத்தப்பட்டார். கடலில் பிள்ளையைத் தொலைத்த மீன்கன்னியின் கவிதைக்கு வடக்கு மாட வீதி மாமி ஒருவர், "எங்காத்துல எல்லாரும் சேர்ந்து படிச்சுண்டு சிரிச்சோம்" என்று எழுதினார். எழுதியவள் அதற்கு நன்றி சொன்னாள்.

இவர்களுக்குள் ஒரு வார்த்தை இருக்கிறது, "நல்ல முயற்சி". பரீட்சையில் தோற்ற பையன் முதுகில் தட்டி அனுப்புகிற வார்த்தை. படிக்காத புத்தகத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான பாராட்டு கிடையாது.

மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது, பாய். இது படிப்பு இல்லை, மொய். என் கவிதைக்கு ஒருவர் ஒரு "அபாரம்" வைத்தால், அவர் கதைக்கு நான் ஒரு "அபாரம்" திருப்பி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் மனஸ்தாபம். ஆட்டோக் கவிதைக்கு எனக்கு நிறைய விழுந்தது. எல்லாருக்கும் முறையாகத் திருப்பி வைத்தேன். உன் கதைக்கு மட்டும் ஒரு கும்பிடும் கைகூட விழவில்லை. செத்தவனுக்கு எவன் மொய் வைப்பான்? திருப்பி வைக்க நீ இல்லையே.

இதை உன் வீட்டம்மா பாபியிடம் எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் உருது, பாபிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, "கடைய சாத்திட்டு வராம அங்க இன்னாதான் பேசிக்கினு இருந்தாருன்னு தெரியணும்ணா" என்றார். தினமும் அதற்காக உன்னைத் திட்டினதும் அவர் மனதில் இருந்திருக்கும். வாசகர் கூட்டத்துக்கு வா பாபி, உன் வீட்டுக்காரர் கதையைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள், கேட்டுக்கொள் என்று வாய்விட்டுவிட்டேன்.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பிள்ளைகள் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாபி கடைசி வரிசையில், பிளாஸ்டிக் கவரோடு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. எழுதியவர் ஒவ்வொருவரும் இன்னொருவர் எழுதியதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. நேருக்கு நேர் மொய். ஜின் கதைக்கு யார் என்று சங்கத் தலைவரைக் கேட்டேன். "அவர் இல்லையேப்பா. இருக்கறவங்களப் பத்திப் பேசிடுவோம், நேரமாவுது" என்றார். எனக்கு விழுந்தது தலைவர் எழுதிய கவிதை. தங்க மயில் ஒன்று எல்லாருக்கும் புத்தி சொல்லும். பக்கம் பக்கமாகச் சொல்லும்.

மயிலை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு உன் கதைக்கு வந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். மைக்கைப் பிடித்ததும் மயிலை விட்டு நகர முடியவில்லை. மயில், அருமையான மயில், தங்கமான மயில் என்று மூன்று தரம் சுற்றி வந்தேன். அதற்குள் கைதட்டி, தோளில் ஒரு பொன்னாடையைப் போட்டு, மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். பொன்னாடையோடு பாபி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இவுரு பேரே யாரும் எடுக்கலியேண்ணா" என்றார். வருவாங்க பாபி என்றேன். அடுத்தது நன்றியுரை என்று எனக்குத் தெரியும்.

அப்போது நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அறுபது வயது இருக்கும், கட்டம் போட்ட சட்டை, யாருக்கும் தெரியாத முகம். மந்தைவெளிக்காரராம், கடையில் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியிருக்கிறார். காசு கொடுத்து என்றதும் தலைவரே கொஞ்சம் மிரண்டார்.

"அந்த ஜின் கதை எழுதுன ஆளு வந்துகீறாரா?"

அவர் காலமாகிவிட்டார் என்று தலைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? கதைய முடிச்சிட்டு இல்ல போயிருக்கணும்? அந்த ஜின்னுக்கு டீ வாங்கித் தரான். சக்கர கம்மின்னு அது மூஞ்ச சுளிக்குது. அந்த எடத்துல வாய்விட்டுச் சிரிச்சேன். அப்படிச் சிரிக்க வச்சிட்டு, ஒரு வரமும் கேக்காம கடைய சாத்திக்கினு போயிட்டா இன்னா அர்த்தம்? அது இருட்டுல ஒண்டியா குந்திக்கினு இருக்குது. எனக்குத் தூக்கம் போச்சு சார். அந்தாளப் பாத்து நல்லா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

இறந்தவரைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்று நாலு பேர் அவரை உட்கார வைக்கப் பாய்ந்தார்கள். அவரவர் கவிதைக்கு மொய் வாங்கி மடியில் கட்டிக்கொண்டவர்களுக்குத் திடீரென்று உன்மேல் எவ்வளவு மரியாதை. நான் பயந்துகொண்டே பாபி பக்கம் திரும்பினேன். அவர் வாயைத் துப்பட்டாவால் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"ஜின்னுக்கு டீ வாங்கிக் குடுத்தாரா?" என்றார் மெதுவாக. "வூட்டுக்கு யாரு வந்தாலும் டீ போட என்னத்தான் எழுப்புவாரு."

சிரித்துக்கொண்டிருந்தார், பாய். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஆட்டோவில் ஏற்றிவிடும்போது, அந்த ஆள் பேசியதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்தேன். என்னை முடிக்கவிடவில்லை. "இன்னாத்துக்குத் தப்பா எடுத்துக்கறேன்? அவரு ஒருத்தருதானேண்ணா இவரத் தேடிக்கினு வந்தவரு" என்றார். மீதிக் கதையை ஞாயிற்றுக்கிழமை வந்து படித்துக் காட்டச் சொன்னார். போகிறேன். வாரம் ஒரு பக்கம், அவரே எழுத்துக் கூட்டுகிறார். தப்பினால் மட்டும் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆட்டோ போனதும் படியில் அந்த மந்தைவெளிக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என் பொன்னாடையைப் பார்த்துவிட்டு, நீங்களும் எழுதியிருக்கிறீர்களா, எது என்று கேட்டார். பறக்கும் ஆட்டோ என்றேன்.

"ம்... நல்லா இருந்துது சார்" என்றார். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

அந்த "நல்லா இருந்துது" செல்லாத நோட்டு மாதிரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாரிடமும் தள்ளிவிட முடியவில்லை. அவர் பின்னால் நாலு எட்டு ஓடினேன், பாய். அவரிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது. கேட்கவில்லை.

"எனக்கும் ஒரு திட்டு திட்டிட்டுப் போங்க சார்."